வெள்ளவத்தைப் பேரின்பநாதனும் பாலி மேளமும்

ஒரே பொய்யை முப்பத்துமூன்று வருடம் நாக்குத் தடுமாறாமல் சொன்ன மனிதனுக்கு, அதை இன்னொரு தடவை சொல்வதில் அப்படி என்ன கஷ்டம்?

சிவநேசம் இந்தக் கேள்வியைக் கணவனிடம் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். அழுதுகொண்டு கேட்டாள். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டாள். ஒருமுறை மெட்ரோவில், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். பேரின்பநாதன் "எனக்கே தெரியேல்லை" என்று சொல்லியிருந்தால்கூட அவள் அத்துடன் விட்டிருப்பாள். அதையும் அவர் சொல்லவில்லை.

மொன்றியல் தமிழர்களில் சிலர் அவர் செய்ததைத் தைரியம் என்கிறார்கள். சொல்வது சுலபம். அந்தத் தைரியம் மகள் வினோஜாவின் தலையில், அவளுடைய கலியாணத்துக்கு ஐந்து கிழமை இருக்கும்போது விழுந்தது என்பதை அவர்கள் நின்று யோசிப்பதில்லை. வேறு சிலர் மனுசனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிறார்கள். அது இன்னும் சுலபம். முப்பது வருடம் கூட வாழ்ந்த சிவநேசத்துக்கு இரண்டும் பொருந்தி வரவில்லை. அவளுக்குத் தெரிந்த பேரின்பநாதன் வீரனும் அல்ல, பைத்தியமும் அல்ல. வேலைக்கு நேரத்துக்குப் போகிறவர். பனி கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் காரையும் சேர்த்துத் துப்புரவாக்குகிறவர். அந்தச் சாதாரண மனிதரின் வாழ்க்கை முழுவதும் ஒரு ஊர்ப் பெயரின் மேல் நின்றது. அந்தப் பெயர் வெள்ளவத்தை.

யாழ்ப்பாணத்தார் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் கேட்பது ஒன்றுதான்: "நீங்கள் எவடம்?" ஊரின் பெயரைச் சொன்னால் போதாது. ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, இன்னாரைத் தெரியுமா என்று கேள்வி நாலாகும். நாலாவது கேள்வி முடியும்போது, கேட்டவர் தலையை மெல்ல ஆட்டி, ஆளை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துவிடுவார். சாதி என்ற சொல் அந்தப் பேச்சில் ஓரிடத்திலும் வராது. கொழும்பின் வெள்ளவத்தை என்றால் மட்டும் கேள்வி அங்கேயே நின்றுவிடும். அது எல்லாரும் கலந்து வாழ்கிற இடம். அங்கே 'எந்தப் பக்கம்' என்பதற்கு அர்த்தமில்லை.

தொண்ணூற்றியொன்றில் பேரின்பநாதன் வந்து சேர்ந்தபோது மொன்றியலின் கோட் தே நேஜ் பகுதியில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறாவது ஆள் ரொறொன்ரோவுக்குப் போய்விட, அந்த இடம் அவருக்குக் கிடைத்தது. அறையில் இரண்டு மெத்தை. நல்ல குளிர்ச்சட்டை மூன்றுதான். மாறி மாறிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அலுமாரியில் ஐந்து கோப்பைகள் இருந்தன. இன்னொரு கோப்பை ஜன்னல் விளிம்பில் தனியாக இருந்தது.

"அது ஏன் அங்கை இருக்குது?" என்று புதிதாக வந்தவர் கேட்டார்.

"அது போனவன்ர. நல்ல பெடியன்தான். ஆனா எங்கட ஆக்கள் இல்லை," என்று ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு, "நீர் எவடம்?" என்று கேட்டார்.

"வெள்ளவத்தை," என்றார் பேரின்பநாதன்.

அப்போது அவருக்குக் கிடைத்திருந்த வேலை நகரத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுவது. ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் வாய் வைத்த கோப்பைகளை நாள் முழுவதும் கழுவிவிட்டு வந்து, அலுமாரியில் மற்றவற்றோடு சேர்ந்திருந்த தன் கோப்பையில் தேநீர் குடித்தார்.

உண்மையில் அவர் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து ஊரொன்றில் செத்தவீடுகளுக்குப் பறை அடித்த குடும்பத்துப் பிள்ளை. ஊரில் யார் இறந்தாலும் முதலில் ஆள் போவது அவர்கள் வீட்டுக்கு. பிணம் எடுக்கும் வரை வாசல் படலைக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். தேநீர் சிரட்டையில் வரும். மாரிகாலத்தில் பறையின் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, தோலை நெருப்பில் காட்டி, விரலால் தட்டித் தட்டி, சத்தம் சரியாக வரும்வரை திருப்பிக்கொண்டிருப்பது சின்னப் பேரின்பத்தின் வேலை. கொஞ்சம் கூடினால் தோல் வெடித்துவிடும். தகப்பன் சின்னக்கிளி அப்போது கையால் அடிக்க மாட்டார். திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அது போதும்.

சிவநேசமும் அதே ஊர், அதே பக்கம். தொண்ணூற்றிநாலில் அவள் மொன்றியலுக்கு வந்து இறங்கியபோது, விமான நிலையத்திலிருந்து வரும் காரில் அவர் சொன்ன முதல் சங்கதி இதுதான்:

"நேசம், இனிமேல் நாங்கள் வெள்ளவத்தை."

"அங்கை நான் விசாவுக்குப் பதினொரு நாள்தானே லொட்ஜிலை நிண்டனான்?"

"அது காணும்."

அந்தப் பதினொரு நாளை வைத்து அவள் முப்பது வருடம் ஓட்டினாள். கடலோர ரயில் பாதை, கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளின் வரிசை, சந்தையில் மீன் விற்கும் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினாள். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி கோயிலில் ஒழுங்கையொன்றை மாற்றிச் சொன்னபோது, திருத்தியவள் சிவநேசம்தான். அன்று வீட்டுக்கு வந்து இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். அந்தப் பொய்யில் அவர்களுக்குக் கிடைத்த சிரிப்பு அவ்வளவுதான்.

மற்றபடி அது சிரிக்க விடவில்லை. சின்னக்கிளி ஊரில் இறந்தபோது மரண அறிவித்தல் போட முடியவில்லை. அறிவித்தலில் பிறந்த இடம் எழுத வேண்டும். பேரின்பநாதன் அன்றும் சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலைக்குப் போய், எட்டு மணி நேரம் மாத்திரைப் பெட்டிகள் அடுக்கினார். கோயிலில் அவர் செய்யாத வேலை இல்லை. தேர் இழுத்தார், அன்னதானத்துக்கு அரிசி சுமந்தார், மூத்தோர் சங்கத்தின் வான் வண்டி ஓட்டினார். திருவிழாவில் தவில் தொடங்கினால் மட்டும் வெளியே வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்க் கார்களுக்கு இடம் காட்டுவார். தவிலுக்குப் பக்கத்தில் நின்றால் விரல் தொடையில் தட்டத் தொடங்கிவிடும். அது சிவநேசத்துக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கோயிலின் தலைவர் வீரபத்திரன். கர்க்லாண்டில் பெரிய வீடு. சொந்தத்தில் கணக்காய்வாளர் அலுவலகம். கோபிக்கத் தெரியாதவர் என்று பெயர். அவருடைய மகன் மிதுசனும் வினோஜாவும் பல்கலைக்கழகத்திலேயே பழகி, மூன்று வருடம் கழித்துத்தான் வீட்டில் சொன்னார்கள். வீரபத்திரன் தானே பெண் கேட்டு வந்தார். அஹுன்ட்சிக்கில் மூன்றாம் மாடியில் இருந்த அவர்களுடைய சின்ன வீட்டின் சோபாவில் உட்கார்ந்து, சிவநேசத்தின் தேநீரைக் குடித்துவிட்டு, "தங்கச்சி, இன்னொரு அரைக் கோப்பை தாங்கோவன்," என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த அரைக் கோப்பையை நினைத்து அவள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

கலியாணம் மே கடைசியில் என்று முடிவாயிற்று. மார்ச்சில் ஒரு ஞாயிறு, மூத்தோர் சங்கம் அருங்காட்சியகம் பார்க்கப் போனது.

பாலித் தீவின் கலையையும் வழிபாட்டையும் காட்டுகிற சின்ன அருங்காட்சியகம் அது. பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் இருந்தது. யோசனை வீரபத்திரனுடையது. "இந்தோனேசியாவிலை எங்கட சமயம் இன்னும் அப்பிடியே இருக்குது, வந்து பாருங்கோ," என்று கோயிலில் ஒலிவாங்கியில் அறிவித்தார். பதினான்கு பேர் சேர்ந்தார்கள். பேரின்பநாதன் வான் ஓட்டினார். வானத்திலிருந்து மழையும் பனியும் கலந்து நச நசவென்று விழுந்துகொண்டிருந்தது.

வாசலில் அவர்களை வரவேற்றவர் பாலியிலிருந்து வந்து மொன்றியலில் குடியேறிய ஒரு மனிதர். நாற்பது வயதிருக்கும். பெயர் கெத்துட். நாலாவதாகப் பிறந்தால் அந்தப் பெயர்தானாம். அவருடைய காலடியில், தரையிலேயே, ஓலையால் முடைந்த சின்னத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்திருந்தது. பெண்கள் விலகி நின்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"வத்தி எரிந்து முடிந்தால் மிதித்தாலும் பரவாயில்லை. சாமி எடுத்துக்கொண்டாயிற்று," என்று கெத்துட் பிரெஞ்சில் சொன்னார். வீரபத்திரன் அதைத் தமிழில் சொன்னதும், "ஐயோ, பூவை மிதிக்கிறதோ!" என்று றோசலின் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கத்தோலிக்கப் பெண். வந்தது பொழுதுபோக்குக்காக. அவளே அதிர்ந்துவிட்டதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

உள்ளே கல்லில் செதுக்கிய கோயில் வாசல், கண் பிதுங்கிய முகமூடிகள், மஞ்சளும் கறுப்பும் கலந்த துணிகள். ஆனால் எல்லாரையும் நிறுத்தியது நடுவில் இருந்த பிணக் கோபுரம். மூங்கிலாலும் வர்ணக் காகிதத்தாலும் கட்டி, கூரை வரைக்கும் உயர்ந்திருந்தது. பாலியில் இறந்தவரை இப்படியொரு கோபுரத்தில் ஏற்றி, தாளமும் மேளமும் முழங்க எடுத்துப் போவார்கள் என்றார் கெத்துட்.

"மேளம் அடிக்கிறது ஆர், அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினமோ?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, வீரபத்திரன் அதையே பிரெஞ்சில் கேட்டார். கெத்துட்டுக்குக் கேள்வியே முதலில் விளங்கவில்லை. பிறகு சொன்னார்: எங்கள் குறிச்சியில் வீட்டுக்கு ஒருவர் வந்துதான் ஆகவேண்டும். அடிக்கத் தெரிந்தவர் அடிப்பார், தெரியாதவர் தூக்குவார். நான் வராவிட்டால் என் வீட்டுச் சாவுக்கு யாரும் வரமாட்டார்கள்.

"பாத்தியளே," என்றார் வீரபத்திரன் பரவசத்துடன். "செத்தவீட்டு மேளத்தைக்கூட எவ்வளவு புனிதமாச் செய்யினம்! இதுதான் பண்பாடு."

"எங்கட ஆக்களுக்கு இந்த மரியாதை தெரியேல்லை," என்றார் இன்னொருவர்.

எல்லாரும் தலையாட்டினார்கள். பேரின்பநாதனும் ஆட்டினார். சிவநேசம் அவரைப் பார்க்காமல் முகமூடிகளைப் பார்த்தாள்.

கோபுரத்துக்குப் பக்கத்தில் மேசையொன்றில் தாளங்களும் ஒரு மேளமும் வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் அடித்துப் பார்க்கலாம். மேளத்தைக் கெத்துட் அன்று காலையில் தன் வீட்டிலிருந்து காரில் கொண்டுவந்திருந்தார். உறை போடாமல் மழைப்பனியில் தூக்கி வந்ததில் அது நனைந்துவிட்டது. வீரபத்திரன் அதை மடியில் வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சாக்கு மூட்டையில் தட்டியதுபோல் இருந்தது.

"அண்ணை, சாமி எழும்பாது. நித்திரையாப் போடும்!" என்றாள் றோசலின் அக்கா. எல்லாரும் சிரிக்க, வீரபத்திரனும் சிரித்தார். மேளம் கைமாறியது. ஆளுக்கொரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அதே சாக்குச் சத்தம். கடைசியில் அது பேரின்பநாதனின் கைக்கு வந்தது.

அவர் அதைத் தட்டவில்லை. பெருவிரலால் தோலை அழுத்திப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஜன்னலடிக்குப் போனார். அங்கே சுவரோடு பழைய இரும்பு ஹீட்டர் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. குந்தியிருந்து, தோல் பக்கத்தை அதற்குக் காட்டினார். ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். மெல்லத் திருப்பினார். காதைக் கிட்ட வைத்து விரல் நுனியால் தட்டினார். மறுபடி காட்டினார், மறுபடி தட்டினார். சாக்குச் சத்தம் மெல்ல மெல்ல இறுகி, கடைசியில் 'டண்' என்று அறை முழுவதும் கேட்டது.

கெத்துட் கை தட்டினார். "என் மாமா வெயிலில் வைத்து இப்படித்தான் செய்வார்!" என்றார். மேளத்தை வாங்கி மடியில் வைத்து உற்சாகமாக அடிக்கத் தொடங்கினார்.

சிவநேசம் மேளத்தைக் கேட்கவில்லை. அவள் வீரபத்திரனின் முகத்தைப் பார்த்தாள். வீரபத்திரனுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. ஊரில் தன் தகப்பனின் செத்தவீட்டை, பாட்டனின் செத்தவீட்டைப் பார்த்தவர். படலைக்கு வெளியே ஓலை கொளுத்தி, குந்தியிருந்து, தோலைத் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்தவர்களையும் பார்த்தவர்.

"பேரின்பம்," என்றார் அவர், மிகவும் மரியாதையாக. "நீங்கள் எவடம் எண்டு சொன்னனீங்கள்?"

பேரின்பநாதன் திரும்பினார். கைகளை அப்போதுதான் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"வெள்ளவத்தை, அண்ணை."

"ஓமோம். சொன்னனீங்கள்."

திரும்பி வரும்போது வானில் வழக்கமாக முன் இருக்கையில் இருந்து கதைத்துக்கொண்டு வருகிற வீரபத்திரன் பின்னால் போய் இருந்தார். முதுகு நோவு என்றார்.

மூன்று கிழமை வீரபத்திரன் வீட்டிலிருந்து தொலைபேசி அடிக்கவில்லை. நாலாவது கிழமை அவர் தனியாக வந்தார். சோபாவில் அதே இடத்தில் இருந்தார். சிவநேசம் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்பதான் குடிச்சிட்டு வாறன், தங்கச்சி."

"அரைக் கோப்பையாவது?"

"வேண்டாம். பேந்து பாப்பம்."

கோப்பை மேசையில் இருந்தது. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அவர் கதைத்தார்.

"நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் ஒண்டும் சொல்லவும் வேண்டாம். எனக்கு இதிலை நம்பிக்கையும் இல்லை. கனடாவிலை இருந்துகொண்டு இதைப்பற்றிக் கதைக்கிறதே வெக்கம். ஆனா கலியாணக் காட் குடுத்தாச்சு. நானூறு குடும்பம். அண்டைக்கு அங்கை வந்த ரெண்டொருத்தர் வாய் சும்மா இல்லை. ரொறொன்ரோவிலை இருக்கிற என்ர பெரியக்காவின்ர காதுக்கும் எட்டிப்போச்சு. தாலிக்குப் பொன்னுருக்கிற அண்டைக்கு வருவா. வந்தவுடனை உங்களை நேரை கேப்பா. வெள்ளவத்தை எண்டு சொல்லுங்கோ. அங்கை மிருதங்கம் பழகினனான் எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ. அவ்வளவும் காணும். நான் பக்கத்திலை நிப்பன்."



"ஓம் அண்ணை," என்றார் பேரின்பநாதன்.

"எனக்காக இல்லை. பிள்ளையளுக்காக."

"ஓம்."

அவர் போனபின் சிவநேசம் கோப்பையை எடுக்கப் போனாள். பேரின்பநாதன் அவளுக்கு முன்னால் எடுத்தார். நின்றபடியே அந்த ஆறிய தேநீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பிறகு கோப்பையைக் கழுவி, துடைத்து, அலுமாரியில் மற்றவற்றோடு வைத்தார்.

அன்று மாலை வினோஜாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. இருபத்தெட்டு வயதாகியும் அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் வளர்த்தார்கள். அவள் ஒரு கார்தெரியில் வேலை செய்கிறாள். கைக்குழந்தைகள் முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் வரை பார்த்துக்கொள்ளும் இடம். பொறுமைசாலி. முழுவதையும் கேட்டாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ திட்டினாள். யாரைத் திட்டினாள் என்பது சிவநேசத்துக்கு விளங்கவில்லை.

"இதுக்கோ இவ்வளவு காலமும்? தாத்தா மேளமடிச்சவர் எண்டதுக்கோ? எனக்கு வெக்கமே இல்லை அப்பா. எனக்குப் பெருமை."

பேரின்பநாதன் மகளை நிமிர்ந்து பார்த்தார். சிவநேசம் அந்தப் பார்வையை நினைவில் வைத்திருக்கிறாள். இருண்ட அறையில் யாரோ விளக்கைப் போட்டால் பார்ப்பது போன்ற பார்வை.

"ஆனா மிதுசன்ர பெரிய மாமி பழைய ஆள்," என்று வினோஜா தொடர்ந்தாள். "அவவோடை சண்டை பிடிச்சு என்ன வரப்போகுது? ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன். ஒரு சொல்லுத்தானே. எனக்காக."

மறுநாள் மிதுசனும் வந்தான். நல்ல பிள்ளை. இரண்டு கோப்பை தேநீர் குடித்தான், இரண்டாவதைக் கேட்டு வாங்கிக் குடித்தான். "எனக்கு இதெல்லாம் ஒண்டுமே இல்லை அங்கிள். நாங்கள் உங்களோடைதான் நிக்கிறம்," என்றான். எழும்பும்போது, "மாமிக்கு மட்டும் அப்பா சொன்ன மாதிரிச் சொல்லிவிடுங்கோ," என்றான்.

"ஓம் தம்பி," என்றார் பேரின்பநாதன்.

ஏப்ரல் கடைசியில் வீரபத்திரனின் மூத்த தமக்கை நாகபூசணி ரொறொன்ரோவிலிருந்து வந்தாள். எழுபத்தெட்டு வயது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் குரல் தளரவில்லை. தம்பி தொலைபேசியில் அளந்துவைத்த பாலிச் சாமிகளைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள். பார்க்க விரும்பியது சாமிகளை அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு குடும்பமும் சேர்ந்து போவதென்று வீரபத்திரன் ஏற்பாடு செய்தார். வீட்டில் முகத்துக்கு முகம் கேட்பதைவிட, பொது இடத்தில் போகிற போக்கில் கேட்டு முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அவர் கணக்குத் தெரிந்தவர்.

அன்றும் மழை. குளிர் இன்னும் விடவில்லை. போகும் வழியில் சிவநேசம், "இஞ்சருங்கோ, மிருதங்க மாஸ்ரரின்ர பேர் என்ன எண்டு கேட்டா?" என்றாள். "ஏதாவதொண்டு சொல்லுவன்," என்றார் அவர். அமைதியாகத்தான் இருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை.

கெத்துட் அவரை அடையாளம் கண்டு ஓடிவந்து கை குலுக்கினார். "மேளத்துக்கு இன்றைக்கும் சளிதான்!" என்று சிரித்தார். நாகபூசணி முகமூடிகளை ஒரு பார்வையும் கோபுரத்தை ஒரு பார்வையும் பார்த்துவிட்டு, நாற்காலி கேட்டு வாங்கி, கோபுரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் வீரபத்திரன். கொஞ்சம் தள்ளி மிதுசனும் வினோஜாவும் கை கோத்தபடி நின்றார்கள்.

"தம்பி, கிட்ட வாங்கோ," என்றாள் நாகபூசணி. "காது கொஞ்சம் மந்தம். நீங்கள் எவடம்?"

"வெள்ளவத்தை அக்கா," என்றார் வீரபத்திரன். "அங்கைதான் மிருதங்கமும்..."

"உன்னையே கேட்டனான்? அவர் சொல்லட்டும்."

வினோஜா தகப்பனைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். பிள்ளைகளுக்கு முதல் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது சிரிப்பதுபோல. மிதுசன் தலையை அசைத்தான். சிவநேசத்தின் உதடுகள் தாமாகவே அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லின. முப்பது வருடப் பழக்கம். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: அவரும் வாயைத் திறந்தார்.

பிறகு வாயை மூடிக்கொண்டு மேசையடிக்குப் போனார். மேளத்தை எடுத்தார். ஜன்னலடியில் ஹீட்டருக்கு முன்னால், வெள்ளைச் சட்டையோடு, குந்தினார். ஒரு சாண் தள்ளிப் பிடித்துத் தோலைக் காட்டினார். திருப்பினார். தட்டினார். அவசரப்படவில்லை. நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். "அப்பா," என்று வினோஜா ஒருமுறை கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. காதைக் கிட்ட வைத்து, இன்னும் கொஞ்சம் காட்டினார். சத்தம் சரியாக வந்தபின்தான் எழுந்தார்.

மேளத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாகபூசணியின் முன்னால் வந்து நின்றார். ஊரின் பெயரைச் சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்று சொன்னார். சின்னக்கிளியின் மகன் என்று சொன்னார். காது மந்தம் என்றவள் ஒன்றையும் திருப்பிக் கேட்கவில்லை. மற்றக் கேள்விகளையும் கேட்கவில்லை.

அவர் மேளத்தைக் கெத்துட்டிடம் நீட்டினார்.

"இப்போது சரி," என்று பிரெஞ்சில் சொன்னார்.